டைல்ஸ் வளையாது

மார்ச் 4

அண்ணிக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள். பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். சண்டை போட இல்லை. சமாதானம் பேசவும் இல்லை, அதற்கெல்லாம் இப்போது எனக்குத் தெம்பு கிடையாது.

என் கண்ணில் அம்மாவுடைய நோய் ஆரம்பித்திருக்கிறது.

போன வாரம் கண்ணாடி மாற்றப் போனேன். லேபில் மைக்ராஸ்கோப் வழியாக ரத்த அணுக்களை எண்ணும்போது கண் சீக்கிரம் களைத்துப் போகிறது, பவர் கூடியிருக்கும் என்று நினைத்தேன். கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே பார்த்தார். அப்புறம், "உங்க வீட்ல யாருக்காவது வயசான காலத்துல நடுப்பார்வை போயிருக்கா?" என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். விழித்திரைக்கு அடியில் மஞ்சள் புள்ளிகள் படிந்திருக்கின்றன, ஆரம்பக் கட்டம்தான் என்று படத்தில் காட்டினார். "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று அம்மாவைத் திருப்பி அனுப்பினார்களே, அதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். மாக்குலர் டிஜெனரேஷன். விழித்திரையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிப் போவது.

"கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே காட்டச் சொல்லுங்க" என்றார். அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்றேன். "சிகரெட் பிடிப்பாரா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிடித்தார் என்றேன்.

அண்ணன் என் நம்பரை இன்னும் பிளாக் செய்துதான் வைத்திருக்கிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவருக்கு அறுபத்திரண்டு, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரே ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். கண்ணாடிக் கடையில் சும்மா சோதிக்கிறார்கள் என்று ஏதாவது சொல்லிக் கூட்டிப் போங்கள்.

பயமாக இருக்கிறது அண்ணி. என் வீட்டுக்காரர் போன பிறகு இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

சிட்டு


மார்ச் 11

லேப் டெக்னீஷியன் அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான்.

உன் கண்ணைப் பற்றிப் படித்ததும் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திட்டுவதை அப்புறம் திட்டுகிறேன்.

உன் அம்மா என் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தார். எதிரே போய் நின்று "அத்தை, சாப்பிடறீங்களா?" என்று கேட்பேன். உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. இரண்டு வருஷமும் என் மூஞ்சியை ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. கண் தெரியவில்லை என்று உன் அண்ணன் சொல்வார். தெரியாத கண்ணுக்கு, நான் தைக்கும்போது தரையில் விழுந்த ஊசி மட்டும் எப்படித் தெரிந்தது? "உன் காலுக்குப் பக்கத்துல ஊசி கிடக்கு பாரு" என்று சுவரைப் பார்த்தபடி சொல்வார். மருமகள் முகம் தெரியாது, ஊசி தெரியும். அதைத்தான் நடிப்பு என்றேன். உனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு போனாய். அவர் இறந்தபோது வந்த என்னை, நாலு பேர் எதிரில், "இப்ப வந்து யாரைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டாய். இதெல்லாம் உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

சரி, உன் அண்ணன் விஷயம். அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "நாப்பது வருஷமா கண்ணை வச்சுத்தான் பொழைக்கிறேன். எனக்கே கண்ணு டெஸ்டா?" என்று சிரித்தார். அவருடைய கவலை எல்லாம் டைல்ஸைப் பற்றித்தான். இப்போது கம்பெனிகளிலிருந்து வருவதெல்லாம் நடுவில் வளைந்தே வருகிறதாம். ஒரு பல் டாக்டரின் புதுக் கட்டடத்தில் நீளமாக ஒரு நடைவழி, அதற்கு இவர் தரை போட்டார். கோடு வளைந்திருக்கிறது என்று தானே பெயர்த்தார். மறுபடி போட்டார், மறுபடி பெயர்த்தார். பல் டாக்டர் லேசர் விளக்கை வைத்துப் பார்த்தால், கோடு நேராகத்தான் இருக்கிறதாம். லேசர்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்துவிட்டார். இரண்டு வாரமாக வீட்டில்தான் இருக்கிறார். இப்போது நான் தைக்கும் தையல் எல்லாம் கோணல் என்று ஆரம்பித்திருக்கிறார். இருபது வருஷமாகத் துணிக்கடையில் ஆல்டரேஷன் செய்கிற எனக்கு இவர் தையல் சொல்லித்தருகிறார்!

நீ நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறாய் என்று படித்தது மனசை என்னவோ செய்தது.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 16, கூரியரில்

அண்ணி,

டைல்ஸ் வளையாது. சுட்ட மண் அது. இரண்டு தடவை போட்டும் இரண்டு தடவையும் வளைந்து தெரிந்தது என்றால், வளைந்திருப்பது தரை இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து உங்கள் நம்பருக்கு ஆறு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சொல்லைக் காப்பாற்றுகிறீர்கள் என்று தெரிகிறது. அண்ணன் கண்ணையும் காப்பாற்றுங்கள்.

டாக்டரம்மாவிடம் ஓடிப் போய்க் கேட்டேன். இந்த நோயில் இரண்டு விதம் உண்டாம். எனக்கு இருப்பது மெதுவாக அரிப்பது. இன்னொன்று வேகமானது. விழித்திரைக்கு அடியில் புதிதாகக் கோணல்மாணலான ரத்தக் குழாய்கள் முளைத்து, கசிந்து, விழித்திரையையே மேடாகத் தூக்கிவிடும். அப்போதுதான் நேர்க்கோடு வளைந்து தெரியும். கதவு நிலை, ஜன்னல் கம்பி, தரைக் கோடு எல்லாம். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். இரண்டு வாரமாவது இருக்கும் என்றேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாள் கணக்கில் பார்வை போகும், போனது முழுசாகத் திரும்பாது என்றார்.

செய்ய வேண்டியது இது. உங்கள் குளியலறைச் சுவர் அண்ணன் கையால் ஒட்டியது, அதைவிட நேரான சுவர் அந்தத் தெருவிலேயே இல்லை என்று நீங்களே பெருமை அடிப்பீர்கள். அதன் எதிரே அவரை நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நடுவில் ஒரு டைலை மட்டும் பார்க்கட்டும். சுற்றியுள்ள கோடுகள் வளைகின்றனவா, அழிந்து தெரிகின்றனவா என்று கேளுங்கள். பிறகு அடுத்த கண். இரண்டையும் திறந்து வைத்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள். ஒரு கண்ணின் தப்பை இன்னொரு கண் மூடி மறைத்துவிடும்.

வளைகிறது என்று சொன்னால் அன்றைக்கே பெரிய கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். அதை முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள், சொன்னால் ஓடிவிடுவார். ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தார்கள் என்று சுவர் ஏறிக் குதித்தவர்.

லீவு கேட்டிருக்கிறேன். கிளம்பி வர இரண்டு நாள் ஆகும். ஆனால் என்னை வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னவர் நீங்கள். சொல்லுங்கள், வருகிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு பதில் இருக்கிறது, எனக்கே இந்த மாதம்தான் தெரியும். இப்போது சொன்னால் அம்மாவுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். முதலில் அண்ணன் கண்.

சிட்டு


மார்ச் 19

சிட்டு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே படித்துக்கொள்.

காலையில் கூரியர் வந்தது. நீ சொன்னபடியே அவரைக் குளியலறையில் நிறுத்தினேன். "என் சுவரை வச்சு எனக்கே பரீட்சையா?" என்று சிரித்துக்கொண்டுதான் வந்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சிரிப்பு நின்றது. "நீ பார்த்தா எப்படித் தெரியுது?" என்று கேட்டார். "நேராத்தான் இருக்கு" என்றேன். அப்புறம் வலது கண்ணை மூடினார். மூடின வேகத்தில் கையை எடுத்துவிட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. உனக்கு நேரமாகலையா, கடைக்குக் கிளம்பு" என்று என்னை வெளியே தள்ளாத குறைதான். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் மனசு வரவில்லை. போனேன். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மதியம் வரும்போது தெருமுனையிலேயே உளிச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டிலிருந்துதான். ஓடினேன். குளியலறைச் சுவரில் ஆறு வரிசை பெயர்த்துக் கீழே கிடந்தது. கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தார். தலை, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி.

"ஒட்டினப்பவே கோணலா ஒட்டியிருக்கேன். இருபத்தாறு வருஷமா இந்த வீட்ல யாருமே சொல்லல பாரு" என்றார்.

என் அளவு டேப்பை எடுத்து மிச்சமிருந்த வரிசை மேல் பிடித்துக் காட்டினேன். "நேரா இருக்குங்க. நீங்க ஒட்டினது நேராத்தான் இருக்கு" என்றேன். அவர் டேப்பைப் பார்க்கவே இல்லை.

"சுவர் கோணல்னா இடிச்சுட்டுத் திரும்பக் கட்டிடலாம். கண்ணு கோணல்னா என்ன பண்றது? சொல்லு. என்ன பண்றது?"

அப்படிக் கேட்டுவிட்டு அழுதார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, உன் அம்மா போனபோதுகூட. உடைந்த துண்டுகள் மேலேயே உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இடது கண்ணில் மூன்று வருஷமாக நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு நிற்கிறதாம். சிமெண்ட் பட்டது, தானாகப் போய்விடும் என்று எனக்குச் சொல்லவில்லை. தனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அம்மாவும் இதே மாதிரிதான் சொல்லுவாங்க, நடுவுல அழுக்கு, நடுவுல அழுக்குன்னு" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது சிட்டு. மூன்று வருஷமாகத் தெரிந்தே அந்த வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டு தரை போட்டிருக்கிறார். இப்போது அந்தக் கண்ணிலும் கோடு வளைகிறது. அது போனால் இன்னொன்று கிடையாது.

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி. தெரிந்த ஆட்டோக்காரரிடம் ஐந்தரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை.

நீ இப்போது வராதே. நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். நீ கிளம்பி வந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தமாம்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் ரத்தம் எனக்குக் கிடையாது. என் பிள்ளைகளுக்கு இருக்கிறது. இது அவர்களுக்கும் வருமா? பெரியவன் அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவின் பாக்கெட்டிலிருந்தே சிகரெட் எடுக்கிறவன். எனக்கு ஆறுதல் சொல்லாதே, உண்மையைச் சொல்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

இருபதாம் தேதி மதியம் உங்கள் நம்பரிலிருந்து போன் வந்தது. "ஊசி போட்டாச்சு" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். பதினோரு வருஷத்தில் உங்கள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பேச்சு அது. பேச மாட்டேன் என்ற சொல்லை மீறிவிட்டீர்களே என்று கேலி செய்யலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. லேபில் ஸ்லைடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேஜைக்காரி காபி வாங்கி வந்து வைத்தாள்.

உண்மையைக் கேட்டீர்கள். டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கண் ஒரு நாள்கூடச் சும்மா இருப்பதில்லை, பார்க்கப் பார்க்க உள்ளே கழிவு சேரும். அதைக் கூட்டி வாருகிற வேலை வயதானால் தடுமாறும். அப்போது மஞ்சள் புள்ளியாகப் படிகிறது. உடம்பு அதைப் பார்த்து, யாரோ வெளியாள் புகுந்துவிட்டான் என்று எண்ணிச் சண்டைக்குக் கிளம்புகிறது. அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அழற்சி, அதேதான். ஆனால் வலி இல்லாமல், வெளியே தெரியாமல், வருஷக்கணக்காக. சண்டையைத் தொடங்கி வைக்க ரத்தத்தில் சில புரதங்கள் உண்டு. "போதும், நிறுத்து" என்று சொல்லவும் ஒரு புரதம் உண்டு. சில குடும்பங்களில் அந்த நிறுத்துகிற புரதம் பிறப்பிலேயே கொஞ்சம் பலவீனமாக அமைந்துவிடுமாம். ஜீன் அப்படி. தொடங்கின சண்டை ஓயாது. கழிவோடு சேர்த்துக் கண்ணையும் தின்னும்.

முப்பது வருஷமாக நான் வெள்ளை அணுக்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவையும் அந்தக் காவல் படையில்தான் சேர்த்தி. கிருமியோடு சண்டை போட்டுச் செத்துக் கிடப்பதைப் பார்த்து, நம்மைக் காக்கத்தான் இவ்வளவும் என்று மரியாதையாக எண்ணுவேன். இப்போது மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் அந்த மரியாதை வரவில்லை. காக்க வந்த படையே வீட்டை இடிக்கும் என்று யார் நினைத்தார்கள்? அண்ணன் உளியோடு சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்ததை நீங்கள் எழுதியதிலிருந்து, எனக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகிறது.

பிள்ளைகள். நமக்கு இருப்பது அந்த ஜீன்தான் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. அம்மா, அண்ணன், நான் என்று வரிசையாக வந்திருப்பதால் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருந்தால், அண்ணனிடம் ஒரு பழுது மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. போயிருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று இல்லை. பலவீனமான ஜீன் இருந்தும் கடைசிவரை நல்ல கண்ணோடு இருக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஜீனும் சிகரெட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. பெரியவனிடம் இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். திட்ட வேண்டாம். அப்பாவின் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் ஆறுதல் எதையும் கலக்கவில்லை. என்னிடம் கலக்க ஒன்றுமில்லை. தினமும் காலையில் எழுந்ததும் சமையல் மேடையின் டைல்ஸ் சுவருக்கு எதிரே நின்று ஒரு கண்ணை மூடுகிறேன். கோடுகள் நேராக இருக்கின்றன. அடுத்த கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஒரு நிமிஷம் வேண்டாம் என்று இருக்கிறது. நாளைக்கும் நிற்கத்தான் வேண்டும்.

அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? என்னிடம் எதையும் மறைக்காதீர்கள்.

சிட்டு


ஏப்ரல் 22

என் சிட்டுவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இப்போதும் முழுசாகத் தெரியாது, தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

நேற்று இரண்டாவது ஊசி போட்டாயிற்று. முதல் தடவை மரத்துப்போக மருந்து விட்டு, இமையை விலக்கிப் பிடிக்கக் கம்பி வைத்தார்களாம். அப்போதுதான் விஷயம் புரிந்து, "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று உள்ளேயிருந்து என்னைத் திட்டிக் கத்தினார். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. சுவர் ஏறிக் குதிக்க அங்கே சுவர் இல்லாததால் தப்பித்தோம். இந்தத் தடவை தானாகவே போய்ப் படுத்துக்கொண்டார். அதைப் பார்த்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். இடது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, அது போனது போனதுதான். வலது கண்ணில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. கோடு இன்னும் வளைகிறது, ஆனால் முன்பு போல ஆடவில்லை என்கிறார். நடுவில் மங்கல் இருக்கிறது. இதற்கு மேல் வளராமல் பிடித்து நிறுத்தத்தான் ஊசி, மாதாமாதம் போட வேண்டும், எத்தனை மாதம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நிற்குமா என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார் டாக்டர். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

சிகரெட் பாக்கெட்டை அவர் கையாலேயே குப்பையில் போட்டார். பெரியவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தான். பாதியில் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனான். குளியலறைச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. வேறு மேஸ்திரியைக் கூப்பிடக் கூடாதாம். பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிவிட்டுக் குளிக்கிறோம்.

இனிமேல் எழுதப்போவதுதான் எழுத வேண்டியது.

முதல் ஊசி போட்டு, கண் கட்டைப் பிரித்த மறுநாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே போய் நின்று, "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை அலைந்து, இத்தனை பார்த்து, கடைசியில் அம்மா மாதிரியே பிள்ளையும் மூஞ்சியைத் திருப்புகிறாரே என்று ஒரு நொடி ரத்தம் கொதித்தது. டம்ளரை வைத்துவிட்டு நகரப்போனேன்.

"போகாதே, அங்கயே நில்லு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"எதுக்கு? மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு என்னை எதுக்கு நிக்கச் சொல்றீங்க?"

"நேராப் பார்த்தா உன் முகம் இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லம்மா. தோள் இருக்கு, முடி இருக்கு, நடுவுல முகம் இல்ல. கொஞ்சம் ஓரமாத் திரும்பினாத்தான் மூக்கும் வாயும் தெரியுது. உன்னைப் பார்க்கத்தான் திரும்பினேன்."

நான் அங்கேயே நின்றேன் சிட்டு.

இதைத்தானே எழுதாமல் வைத்திருந்தாய்? நீ எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உன் அம்மாவை விட்டுக்கொடுக்காமல் கதை கட்டுகிறாய் என்றுதான் நினைத்திருப்பேன்.

அந்த இரண்டு வருஷத்தை ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். நான் எதிரே போய் நின்றபோதெல்லாம் அவர் திரும்பியது என் முகத்தைத் தேடித்தான். அவர் தேட ஆரம்பித்த அந்த நிமிஷத்தில், ஒவ்வொரு தடவையும், நான் கோபித்துக்கொண்டு நகர்ந்து போயிருக்கிறேன். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் என் முகத்தை ஒரு தடவையாவது பார்த்து முடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் மிஞ்சியிருந்த பார்வையில் ஊசியைப் பார்த்து, என் காலில் குத்திவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் அதை நடிப்பு என்று ஊர் கேட்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

அடுத்த ஊசி மே பதினெட்டாம் தேதி. அதற்கு முன்னால் கிளம்பி வா. உன் அண்ணனே சொல்லிவிட்டார், "அவளை வரச் சொல்லு, இன்னும் கொஞ்சம் தெரியும்போதே பார்த்துக்கறேன்" என்று. வாசலில் உன்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்புவார். பயந்துவிடாதே, கோபித்துக்கொள்ளாதே. அங்கேயே நில். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் நகராதே.

என்றைக்காவது ஒரு நாள் நீ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினால், நானும் நகர மாட்டேன்.

அண்ணி